அட்டை இல்லாத ஞாயிறு

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, பல்செட் செய்யும் கூடத்தில் முகம் தெரியாத யாரோ ஒருவருடைய மேல்வரிசைப் பற்களை மெழுகில் ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டிருந்தபோது கதைக்காரரின் போனில் அந்தச் செய்தி வந்தது. "இந்த ஞாயித்துக்கிழமை அந்த அட்டை இல்லாம ஆடலாமா தம்பி?" அனுப்பியவர் லிஃப்ட் மெக்கானிக். நான்கே பேர் இருக்கும் குழுவில் போட்டிருந்தார். கதைக்காரர் கையிலிருந்த பல்லைக் கீழே வைப்பதற்குள் நர்ஸ் ஒரு கட்டைவிரலை உயர்த்திவிட்டாள். வழக்கமாக அவளிடம் பதில் வாங்க இரண்டு நாள் ஆகும். ஐந்து நிமிடம் கழித்துத் தையல்காரம்மாவும் "சரி, நல்லதுதான்" என்று எழுதினார். அந்த 'நல்லதுதான்' கதைக்காரரை உறுத்தியது. எது நல்லது? யாருக்கு நல்லது? மூன்று பேரும் ஏற்கெனவே கூடிப் பேசிவிட்டார்களா? மெழுகை இளக்கும் விளக்கு பக்கத்திலேயே எரிந்துகொண்டிருந்தது. அவர் அடுத்த பல்லை எடுக்காமல் செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் தெரியாதவர்களுக்கு இதில் பதற என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆட்டம் இதுதான்: ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக இருப்பார்கள். 'மலை உச்சியில் ஒரு பாழடைந்த கோட்டை, கதவு திறந்து கிடக்கிறது, என்ன செய்யப்போகிறீர்கள்?' என்று அவர் கேட்பார். உள்ளே போவதா, திரும்பி ஓடுவதா, கதவுக்குத் தீ வைப்பதா என்று இவர்கள் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். உயிருக்கு ஆபத்தான இடம் வந்தால் கதைக்காரர் இருபது முகமுள்ள பகடையை உருட்டுவார். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் பிழைப்பு. ஒன்பதும் அதற்குக் கீழும் விழுந்தால் அந்தப் பாத்திரம் செத்தது, அதோடு அதன் கதை முடிந்தது. பகடை உருளும் இடத்தை மறைத்து ஒரு முழ உயரத்துக்கு மடித்த அட்டை ஒன்று அவர் முன்னால் நிற்கும். பல் அச்சு வார்க்கும் மாவு வந்த பெட்டியை வெட்டி அவரே செய்தது. அட்டையின் உட்பக்கத்தில் அடுத்து வரப்போகும் பொறியும் பூதமும் எழுதி ஒட்டியிருக்கும், அதை ஆடுகிறவர்கள் பார்த்துவிடக் கூடாது என்பது ஊருக்குச் சொல்லும் காரணம்.

ஊருக்குச் சொல்லாத காரணமும் ஒன்று இருந்தது. நான்கு வருடமாக அவர் அந்த அட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து பொய் சொல்லிக்கொண்டிருந்தார். நான்கு விழுந்தால் பதினான்கு என்பார். ஏழு விழுந்தால் முகத்தைச் சுளித்து, பெருமூச்சு விட்டு, எல்லோரையும் கொஞ்ச நேரம் தவிக்கவிட்டு, "பதினொண்ணு... தப்பிச்சீங்க" என்பார். இத்தனை பள்ளத்தாக்கு, இத்தனை பாம்பு, இத்தனை வாள்வீச்சு. ஆடுகிறவர்களில் ஒருவருக்கும் சுண்டுவிரல் நகம்கூடப் பெயரவில்லை. கொஞ்சம் யோசித்தால் யாருக்கும் சந்தேகம் வரும். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அவர் மடியில் நான்கு வருடக் கனம் இருந்தது.

அவரைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் அவர் பட்ட பாட்டையும் சொல்லிவிட வேண்டும். நாலு பேரை ஒரே மேசைக்கு ஒரே நேரத்தில் கொண்டுவந்து உட்கார வைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று கல்யாணம் நடத்தி வைத்தவர்களுக்குக்கூடத் தெரியாது. கல்யாணத்துக்கு ஒரு நாள் வந்தால் போதும், இதற்கு வாராவாரம் வர வேண்டும். இருபத்தைந்து வயதில் அவருக்கு வாய்த்த முதல் குழுவைக் கல்யாணங்களே கொண்டுபோயின. ஒவ்வொருத்தனாகப் பத்திரிகை நீட்டிவிட்டுக் காணாமல் போனான். இரண்டாவது குழுவில் ஒரு மாமனும் மச்சானும் இருந்தார்கள். கதைக்குள் கிடைத்த, இல்லாத ஒரு தங்கக் கிரீடத்தை யார் வைத்துக்கொள்வது என்பதில் தகராறு வந்து, நிஜத்தில் இரண்டு குடும்பமும் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது. மூன்றாவதுதான் நன்றாக ஓடிய குழு. அதில் ஒரு நூலகக் குமாஸ்தா இருந்தார். அவருடைய வில்லாளி ஒரு நாள் பகடையில் இரண்டு விழுந்து செத்தான். குமாஸ்தா சிரித்தார். "விளையாட்டுதானே சார்" என்றார். எல்லோருடைய கோப்பைகளையும் அவரே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் காய்ச்சல் என்றார், அதற்கடுத்த வாரம் சொந்தக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்றார், அப்புறம் செய்தியைப் படித்ததற்கு அடையாளம் மட்டும் வந்தது. அவர் போனதும் இன்னொருவர், இன்னொருவர் போனதும் மற்றொருவர். இரண்டே மாதத்தில் கதைக்காரர் வெறும் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் மூன்று வருடம் ஆளே கிடைக்கவில்லை. நூலகத்துப் பலகையில், புத்தகக் கடையின் கண்ணாடியில் எல்லாம் சீட்டு ஒட்டிப் பார்த்தார். ஒருவர் வந்தார், அரைமணி நேரம் பொறுமையாகக் கதை கேட்டுவிட்டு இன்சூரன்ஸ் பற்றிப் பேச ஆரம்பித்தார். இன்னொருவரின் மனைவி போன் செய்து, பகடை வைத்துச் சூதாடுவதற்கா ஆள் பிடிக்கிறீர்கள் என்று கிழித்துத் தொங்கவிட்டார். கடைசியில் அந்தக் கண்ணாடிச் சீட்டைப் பார்த்துத்தான் தையல்காரம்மா கூப்பிட்டார். வீடுகளுக்கும் ஓட்டல்களுக்கும் திரைச்சீலை தைக்கிறவர், கணவர் இல்லை, ஐம்பதைத் தாண்டியவர். "ஆட்டம் என்னன்னு எனக்குத் தெரியாது தம்பி, ஆனா எங்கிட்ட பெரிய மேசை இருக்கு" என்றார். பத்தடி நீளத்துக்குத் துணி வெட்டும் மேசை, ஓரம் முழுக்க அங்குலக் கோடுகள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குத் துணியை எல்லாம் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டால் அது ஆட்ட மேசை.

அந்த மேசையைச் சுற்றி முதலில் ஐந்து பேர் இருந்தார்கள். ஒரு ஜோடிக்குக் குழந்தை பிறந்தது. "கொஞ்சம் வளரட்டும், வந்துடறோம்" என்றார்கள். குழந்தை இப்போது எல்.கே.ஜி. போகிறது. மீதி மூன்று பேர். தையல்காரம்மா கதைக்குள் கயிற்றின் மேல் நடந்து கோட்டைகளுக்குள் இறங்கும் திருடி. லிஃப்ட் மெக்கானிக் நிஜத்தில் ஒல்லியானவர், கதைக்குள் மலை மாதிரி ஒரு மெய்க்காப்பாளன். நர்ஸ் விஷம் காய்ச்சுகிறவள். ஏன் இப்படி ஒரு வேடம் என்று கேட்டதற்கு, "வாரம் பூரா உசுரக் காப்பாத்துறேன்ணா. ஞாயித்துக்கிழமையாவது நாலு பேரைக் கொல்ல விடுங்க" என்று சொன்னவள். மூன்று பேருக்குக் குறைந்தால் இந்த ஆட்டம் ஆட்டமே இல்லை. ஆக, ஒருவர் எழுந்து போனாலும் எல்லாம் முடிந்தது. இதைக் கதைக்காரர் தினமும் ஒரு தடவையாவது நினைத்துக்கொள்வார்.

அவருக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணம் ஒன்று நடந்து, சத்தமில்லாமல் கலைந்திருந்தது. பல்செட் செய்யும் கூடத்தின் பின்னறையில் வேலை. டாக்டர்கள் அனுப்பும் அச்சும் ஒரு துண்டுச் சீட்டும் தட்டில் வரும், பற்களைச் செய்து அதே தட்டில் வைத்து அனுப்புவார். அந்தப் பற்களால் யார் சிரிக்கிறார்கள், யார் கடிக்கிறார்கள் என்று அவர் பார்த்ததில்லை. திங்கள் முதல் சனி வரை அவர் வாயைத் திறந்து பேசும் வாக்கியங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மூன்றிலிருந்து ஏழு வரை மூன்று பேர் அவர் வாயையே பார்த்துக்கொண்டு, "அப்புறம்? அப்புறம்?" என்பார்கள். அந்த நான்கு மணி நேரம் இல்லாமல் போனால், தான் உயிரோடு இருப்பது யாருக்குத் தெரியும் என்று அவருக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. வெட்கப்பட வேண்டிய பயம்தான். அதனால் அதை யாரிடமும் சொன்னதில்லை.

புதன்கிழமை தங்கை பேசினாள். வேறு ஊரில் இருக்கிறாள், வாரம் ஒரு தடவை அண்ணன் இருக்கிறானா என்று பார்ப்பதற்காகக் கூப்பிடுவாள். குரலைக் கேட்டதும் கண்டுபிடித்துவிட்டாள். அவர் பூசி மெழுகி, அட்டையை எடுக்கச் சொல்கிறார்கள் என்ற அளவில் சொன்னார்.

"எடுத்துட்டுப் போயேண்ணா. அட்டைதான? நீ என்னமோ கிட்னியக் கேட்ட மாதிரி பேசுற."

"உனக்குப் புரியாதும்மா."

"என்ன புரியாது? நாப்பத்தாறு வயசுல பூதம் வந்துச்சு, பேய் வந்துச்சுன்னு கதை சொல்றவன் என் அண்ணன். எனக்குப் புரியாம வேற யாருக்குப் புரியும்? சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்றார். சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மெக்கானிக்கை நேரில் பார்த்துப் பேசிவிட்டால் விஷயம் என்னவென்று தெரிந்துவிடும் என்று சாப்பாட்டு நேரத்தில் கிளம்பினார். இரண்டு தெரு தள்ளி ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம். தரைத்தளத்தில் லிஃப்ட் கதவைத் திறந்து போட்டு, மஞ்சள் தடுப்பு வைத்து, மெக்கானிக் குழிக்குள் இறங்கி நின்றுகொண்டிருந்தார். தலையும் தோளும் மட்டும் தரைக்கு மேலே, முதுகு இந்தப் பக்கம். "அண்ணே" என்று கூப்பிட்டார் கதைக்காரர். பத்தடி தூரம்தான் இருக்கும். மெக்கானிக் திரும்பவில்லை. கொஞ்சம் சத்தமாக, "அண்ணே, நான்தான்" என்றார். வாசலில் இருந்த காவலாளி திரும்பிப் பார்த்தார், பக்கத்து லிஃப்ட்டுக்காகக் காத்திருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். மெக்கானிக் மட்டும் நிதானமாக ஒரு துணியால் கம்பியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது தடவை கூப்பிடக் கதைக்காரருக்குத் தைரியம் வரவில்லை. வந்த வழியே திரும்பினார். முகம் கொடுத்துப் பேசவும் பிடிக்காத அளவுக்கு வெறுத்துவிட்டார், ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் வைத்துக் கேட்கப் போகிறார் என்று முடிவு கட்டினார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே.

வெள்ளிக்கிழமை ஒரு பல்செட்டில் இடப்பக்கக் கோரைப்பல்லை வலப்பக்கமும் வலப்பக்கத்துப் பல்லை இடப்பக்கமும் வைத்துவிட்டார். இருபது வருடத்தில் இப்படி ஒரு தப்பு அவர் செய்ததில்லை. முதலாளி அதைக் கையில் எடுத்து, தன் வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "இதப் போட்டுக்கிட்டு அந்த ஆளு கண்ணாடியில பாத்தாதான் சரியா இருக்கும்" என்றார். கதைக்காரர் சிரிக்க முயன்றார். சனிக்கிழமை உட்கார்ந்து, ஞாயிறுக்கான கதையை முழுசாக மாற்றி எழுதினார். எரிமலைக்குள் இறங்க வேண்டிய அத்தியாயம் அது. எரிமலையை எடுத்துவிட்டு ஒரு சந்தையைப் போட்டார். சந்தையில் துணி வாங்கலாம், குதிரை பார்க்கலாம், யாரும் யாரையும் குத்த மாட்டார்கள். பகடையை எடுக்கவே அவசியம் வராத கதை. எழுதி முடித்துப் படித்தபோது அவருக்கே கொட்டாவி வந்தது. கொட்டாவி வந்தாலும் பரவாயில்லை, உயிர் போகாது என்று சொல்லிக்கொண்டார். சாகும் பாத்திரத்தோடு ஆளும் போய்விடும், அது அவர் பட்டுத் தெரிந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அட்டை இல்லாமல் போனார். தையல்காரம்மா துணிகளைச் சுருட்டி வைத்திருந்தார். நர்ஸ் இரவு வேலை முடித்துத் தூங்கி எழுந்து வந்தவள், தலை ஈரமாக இருந்தது. மெக்கானிக் வழக்கமாக மேசையின் ஓரத்தில் உட்காருகிறவர், இன்று நாற்காலியைத் தரதரவென்று இழுத்துவந்து கதைக்காரருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். "கொண்டு வரலையே?" என்றார். இல்லை என்று கதைக்காரர் தலையாட்டினார். மெக்கானிக் இரண்டு கைகளையும் மேசைமேல் கோத்து வைத்து, அவர் முகத்தையே உற்றுப் பார்த்தார். கண்ணைப் பார்த்தால்கூடப் பரவாயில்லை, வாயைப் பார்த்தார். பொய் வரும் இடத்தைப் பார்ப்பது போலிருந்தது. கதைக்காரர் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார், பென்சிலை எடுத்தார், பகடையை எடுத்து வைத்தார். பல்செட்டின் ஈறுக்குப் பயன்படும் இளஞ்சிவப்பு அக்ரிலிக்கில் அவரே வார்த்து, தேய்த்து, எண் பொறித்த பகடை. அட்டை இல்லாத மேசையில் அது அம்மணமாகக் கிடந்தது. சந்தை என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தார். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் வேணும்னு பண்ணல" என்றார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று படித்துக் காட்டியிருக்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும். கெடுகிற நேரத்தில் அது நினைவுக்கு வருவதில்லை. கதைக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். நான்கு வருடம் உருட்டியது எல்லாம் பொய் என்று சொன்னார். எல்லாம் இல்லை, தேவைப்பட்டபோது மட்டும் என்று திருத்தினார். தேவைப்பட்டது நிறைய தடவை என்று அதையும் திருத்தினார். நூலகக் குமாஸ்தா கோப்பை கழுவிய கதையைச் சொன்னார். "யாராவது செத்தா நீங்க வரமாட்டீங்கன்னு பயம். வேற ஒண்ணும் இல்ல. எனக்கு வேற எங்க போறதுன்னு தெரியல" என்றார்.

மெக்கானிக்தான் முதலில் அசைந்தார். வலது கையைத் தூக்கித் தன் வலது காதைத் தொட்டார்.

"தம்பி, நான் கேட்டது அதுக்கு இல்ல."

கதைக்காரருக்குப் புரியவில்லை.

"இந்தக் காது சுத்தமாப் போச்சு. மத்ததும் பாதிதான். முப்பது வருஷம் மோட்டார் ரூம்ல நின்னா வேற என்ன ஆகும்? ஒரு வருஷமா வாயப் பாத்துத்தான் புரிஞ்சுக்கறேன். உங்க வாய அந்த அட்டை மறைச்சுடுது. பாதிக் கதை எனக்கு விளங்குறதே இல்ல, இவங்க சிரிச்சா நானும் சிரிப்பேன்." மேசையின் அங்குலக் கோடுகளை நகத்தால் கீறினார். "செவிடனக் கூட வச்சுக்கிட்டு எத்தன நாள் ஆடுவீங்க? அதான் வெளிய சொல்லல. இவங்க ரெண்டு பேருக்கும் மட்டும் போன வாரம் சொன்னேன்."

வியாழக்கிழமை லிஃப்ட் குழியில் திரும்பாத முதுகு கதைக்காரரின் கண்ணில் வந்து நின்றது. நர்ஸ் பக்கென்று சிரித்துவிட்டாள். "அய்யோ அண்ணா, யாரும் கேக்காமலே..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவளும் எதையோ கணக்குப் போட்டுப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. "நான் அந்த ராஜாவோட காவல்காரங்களுக்கெல்லாம் விஷம் வச்சுட்டு மாட்டாம வெளிய வந்தேனே, அது?" என்றாள். அது நிஜம், பதினாறு விழுந்தது என்றார் கதைக்காரர். அவள் முகத்தில் வந்த நிம்மதி வேடிக்கையாக இருந்திருக்கும், வேறொரு நாளாக இருந்தால். மெக்கானிக் தன் முறைக்கு, வெள்ளத்தில் பாறையைத் தாங்கி நின்றதைக் கேட்டார். அது பொய், ஐந்து என்றார். "அதானே பாத்தேன்" என்று மெக்கானிக் தலையாட்டிக்கொண்டார். அவருக்கு அது பெரிய வருத்தமாகத் தெரியவில்லை. கதை காதில் விழுந்தால் போதும் என்று இருந்தார்.

தையல்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. அங்குல நாடாவை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். கதைக்காரருக்கு அவர் என்ன கேட்கப்போகிறார் என்று தெரியும். கேட்காமல் இருக்க வேண்டும் என்று மனசுக்குள் கெஞ்சினார்.

"அந்தக் கயித்துப் பாலம்" என்றார் தையல்காரம்மா.

இரண்டு வருடத்துக்கு முன்னால், கதைக்குள் திருடி எரிகிற கயிற்றுப் பாலத்தின்மேல் ஓடித் தாண்டிய ஞாயிறு. அதற்கடுத்த புதன்கிழமை தையல்காரம்மாவுக்கு மார்பில் கட்டி எடுக்கும் ஆபரேஷன். நர்ஸ் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில்தான். கையெழுத்துப் போடாமல் ஒரு மாதம் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தவர், அன்றைக்குப் பதினேழு என்று கதைக்காரர் சொன்னதும் எழுந்து நின்று கைதட்டினார். மறுநாள் காலையில் போய்க் கையெழுத்துப் போட்டார். ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, மயக்க மருந்து ஏறுகிற வரைக்கும், "பதினேழு விழுந்துச்சுல்ல, பதினேழு விழுந்துச்சுல்ல" என்று சொல்லிக்கொண்டே போனார் என்று நர்ஸ் அப்புறம் சொன்னாள். பிழைத்து வந்தார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இன்னும் சோதனைக்குப் போகிறார். அடுத்தது வருகிற வெள்ளிக்கிழமை.

"எவ்வளவு விழுந்துச்சு தம்பி?"

பதினேழுதான் அக்கா, அது நிஜம் என்று சொல்லிவிடலாம். இன்னும் ஒரே ஒரு பொய். யார் பார்த்தார்கள்? நர்ஸ் அவரைப் பார்த்து, தையல்காரம்மாவுக்குத் தெரியாமல் லேசாகத் தலையசைத்தாள். சொல்லுங்கள் என்றா, சொல்லாதீர்கள் என்றா, தெரியவில்லை. எதிரே மெக்கானிக் அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு வருடத்தில் முதல்முறையாக, தன் முகம் எப்படி இருக்கிறது என்பது அவருடைய கட்டுப்பாட்டில் இல்லை.

"மூணு" என்றார்.

தையல்காரம்மா நாடாவை விரலிலிருந்து கழற்றி மேசைமேல் நேராக நீட்டி வைத்தார். அவருக்குக் கோபம் வந்திருந்தால் கதைக்காரர் தாங்கியிருப்பார். கோபம் வரவில்லை. நிறம் வெளுத்து, ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடாத அந்த மாதத்தில் இருந்த முகம் திரும்பி வந்திருந்தது. அந்தப் பயத்தைத் தான்தான் இரண்டு வருடம் அட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தோம், இப்போது எடுத்து மேசைமேல் போட்டுவிட்டோம் என்று கதைக்காரருக்குத் தோன்றியது. "அக்கா, ஆபரேஷன் நல்லாத்தான முடிஞ்சுது? பகடைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள் நர்ஸ். அவள் சொன்னது நியாயம். நியாயம் அந்த மேசையில் எடுபடவில்லை.

"அப்ப அது உருட்டாதது மாதிரிதான்" என்றார் தையல்காரம்மா. "இன்னும் உருட்டல."

"நான் உருட்டலக்கா" என்றார் கதைக்காரர். "வேண்டாம். என்னால முடியாது." கெஞ்சினார். பத்துக்குக் கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். திருடி இரண்டு வருடத்துக்கு முன்பே பாலத்திலிருந்து விழுந்தவள் ஆவாள். மேசை மறுபடியும் துணி வெட்டும் மேசை ஆகும். அதுகூடப் போகட்டும். வெள்ளிக்கிழமை இந்த அம்மாள் அந்தச் சோதனை அறையின் வாசலில் எந்த எண்ணைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்?

தையல்காரம்மா கையை நீட்டிப் பகடையை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து ஒரு தடவை பார்த்தார். மேசையில் உருட்டவில்லை. எழுந்து, சுருட்டிவைத்த திரைச்சீலைகளைத் தாண்டிச் சமையலறைக்குள் போனார். கதவைச் சாத்தவில்லை, ஆனால் மேடை இருக்கும் மூலை இங்கிருந்து தெரியாது. குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் சத்தத்துக்கு நடுவே, கல்லின்மேல் சின்னதாக ஒன்று உருண்டு நிற்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் இல்லை. நர்ஸ் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவையும் அதே சத்தம் கேட்டது போலிருந்தது. குழாயடியில் கரண்டி ஏதாவது நகர்ந்ததாகவும் இருக்கலாம். அதற்குப் பிறகும் ஒரு தடவை கேட்டதா? தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மெக்கானிக் ஒன்றும் கேட்காதவராய் இவர்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழாய் நின்றது. தையல்காரம்மா சமையலறை வாசலில் வந்து நிலையில் தோளைச் சாய்த்து நின்றார். கை ஈரமாக இருந்தது. பகடை அந்தக் கைக்குள் இருந்தது, விரல்கள் இறுக்கி மூடியிருந்தன. உள்ளே வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை.

"பதினேழு" என்றார்.

மெதுவாகச் சொன்னார். முகத்தைப் பாதி திருப்பிக்கொண்டு, கிட்டத்தட்ட கதவுநிலையிடம் சொன்னார். நர்ஸ் கைகளால் வாயைப் பொத்திக்கொண்டாள். மெக்கானிக் நாற்காலியில் அப்படியே திரும்பி வாசலைப் பார்த்தார், ஒன்றும் பிடிபடாமல் மறுபடி கதைக்காரர் பக்கம் திரும்பினார்.

"என்ன தம்பி? அம்மா என்ன சொல்றாங்க?"

கதைக்காரர் வாசலைப் பார்த்தார். திரும்பச் சொல்வார் என்று காத்திருந்தார். தையல்காரம்மா சொல்லவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். மூடிய கையிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

"எனக்குக் கேக்கல தம்பி, எவ்வளவாம்?" என்றார் மெக்கானிக். முன்னால் குனிந்து அவர் உதடுகளைப் பார்த்தார்.

கதைக்காரர் முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பினார். ஒவ்வொரு எழுத்தும் தெரிகிற மாதிரி, மெதுவாக வாயைத் திறந்தார்.